தணிந்துவிடும் சினமும் தணியாத சட்டமும்

குடியேறுவோரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா, இப்போதுள்ள அளவிலேயே விட்டுவிடலாமா என்று அமெரிக்க மக்களிடம் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் 1965 முதல் கேட்டு வருகிறது. குறைக்கச் சொன்னவர்கள் அந்த ஆண்டில் 33 விழுக்காட்டினர், 1990களின் நடுவில் 65, 2020இல் 28. கூட்டச் சொன்னவர்கள் (34 விழுக்காடு) அவர்களை முதன்முறையாக முந்தியதும் 2020இல்தான். ஆனால், குறைக்கச் சொன்னவர்கள் 2024இல் 55 விழுக்காடாக உயர்ந்து, மறு ஆண்டே 30ஆக இறங்கினார்கள்.

மக்கள் நிலையற்ற மனத்தினர் என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவது நியாயமாகாது. ஓராண்டுக்குள் மனிதர்களின் இயல்பு அவ்வளவு மாறிவிடுவதில்லை. மாறியவை எல்லையின் நிலவரமும் அரசின் போக்குமே. ஆட்சி கடுமை காட்டிய காலத்தில் இரக்கத்தின் பக்கம் சாய்ந்தவர்கள், பின்னர் தெற்கு எல்லையில் முன்னெப்போதும் காணாத அளவில் மக்கள் வந்து சேர்ந்தபோது கட்டுப்பாடு கேட்டார்கள். 2025இல் எல்லை கடப்போர் வெகுவாகக் குறைந்து, உள்நாட்டில் கைதுகள் பெருகியதும் மறுபடி தணிந்தார்கள். அரசு ஒரு பக்கம் அளவுமீறிப் போகும்போது மக்கள் கருத்து எதிர்ப்பக்கம் நகரும் இந்த இயல்பை, அறையின் வெப்பத்தைச் சீராக்கும் கருவிக்கு அரசியல் ஆய்வாளர்கள் ஒப்பிடுவார்கள். பொருத்தமான ஒப்புமை அது.

ஆயினும் என்னை வருத்துவது வேறொன்று. கருத்து இறங்கிவிடும், அது உச்சத்தில் இருந்தபோது பிறந்த சட்டம் இறங்குவதில்லை. சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் சட்டம் 1882இல் பத்து ஆண்டுகளுக்கு என்றுதான் இயற்றப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த சே சான் பிங் என்ற தொழிலாளி, திரும்பி வருவதற்கு அரசே வழங்கிய சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1887இல் தாயகம் போனார். 1888 அக்டோபரில் அவர் கப்பலில் வந்துகொண்டிருந்தபோதே அத்தகைய சான்றிதழ்கள் அனைத்தும் செல்லாதவை என்று புதிய சட்டம் அறிவித்துவிட்டது; ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்தை அடைந்தவரைக் கரையிறங்க விடவில்லை. உச்ச நீதிமன்றமும் 1889இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

பத்து ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய தடை 61 ஆண்டுகள் நீடித்தது. இரண்டாம் உலகப் போரில் சீனா நட்பு நாடான பிறகு, 1943இல் அதை நீக்கியபோதும், சீனர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆண்டுக்கு 105 மட்டுமே.