தானா சேவ் ஆகுதுங்க

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஸ்டோர்ஸுக்கு எங்கள் டீம் செய்து கொடுத்த சாஃப்ட்வேர் பற்றி வந்த புகார்களைச் சுருக்கினால் மூன்றுதான். ‘ஸ்லோவா இருக்கு’, ‘தானா சேவ் ஆகுது’, ‘பழசே நல்லா இருந்துச்சு’. பழையது கம்ப்யூட்டரிலேயே ஓடியது, புதியது பிரவுசரில் திறப்பது. சர்வரைச் சோதித்தோம், பக்கம் ஒரு நொடிக்குள் வந்துகொண்டிருந்தது. தானாக சேவ் செய்யும் வசதியே அதில் கிடையாது. மீட்டிங் போட்டுக் கேட்டபோது மேனேஜர்கள்தான் பேசினார்கள், கேட்டது மொத்தக் கணக்கையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு. தினமும் எண்ட்ரி போடும் அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். மேனேஜர் இருக்கும்போது யார்தான் வாய் திறப்பார்கள்? டிசைன் என் பொறுப்பு என்பதால் ஸ்டோர்ஸிலேயே போய் உட்கார அனுமதி வாங்கினேன்.

சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததும் ரோல் ரோலாகத் தராசில் ஏற்றுவார்கள். ஏற்றுபவர் “இருபத்திரண்டு நானூத்தம்பது” என்று குரல் கொடுப்பார். அக்கா நம்பர் பேடில் அடித்து, திரையைப் பார்க்காமலே என்டர் தட்டுவார். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பழகிய கை. அங்கே என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். பிரவுசரிலோ, தடுத்து வைக்காவிட்டால், படிவத்தின் கட்டத்துக்குள் என்டர் தட்டியதும் படிவமே சர்வருக்குப் போய்விடும். ஆக, முதல் ரோலின் எடையோடு மொத்த டி.சி.யும், அதாவது சரக்கோடு வரும் டெலிவரி சலானின் எண்ட்ரியும், சேவ் ஆகிவிடும்! அதை மறுபடி தேடித் திறக்க வேண்டும், மவுஸைப் பிடித்து ‘ரோல் சேர்’ பட்டனை அழுத்த வேண்டும், அதற்குள் தராசில் அடுத்த ரோல் ஏறியிருக்கும். ‘ஸ்லோ’ என்று அவர்கள் சொன்னது இதைத்தான்.

லாரிக்காரர் வாசலில் அவசரப்படுத்துவார். அதனால் அக்கா ரோல் எடைகளை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு, மொத்தத்தைக் கூட்டி ஒரே ரோலாக எண்ட்ரி போட்டார். எந்த ரோல் எந்த டயா (துணியின் அகல அளவு) என்று கட்டிங் மாஸ்டருக்குத் திரையில் தெரியாது. அவரும் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார்.

நோட்டைப் பார்த்த பிறகு டேட்டாபேஸையும் அதே கண்ணோடு பார்க்கத் தோன்றியது. ‘பார்ட்டி டி.சி. நம்பர்’, அதாவது துணி அனுப்பியவரின் சலான் நம்பர், கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம். பல எண்ட்ரிகளில் அங்கே வெறும் புள்ளி இருந்தது, சிலவற்றில் 0, சிலவற்றில் 123. எந்தப் புகார் படிவத்தை விடவும் நேர்மையான பதில் இந்தப் புள்ளிதான் என்பேன். விசாரித்தால், ராத்திரி லோடு பல நேரம் பேப்பர் இல்லாமல் வருகிறது, பேப்பர் மறுநாள்தான் வரும். “இல்லாத நம்பருக்கு நான் எங்க கண்ணு போறது?” என்றார் அக்கா.

அதற்காகக் கட்டத்தை எடுத்துவிடவும் முடியாது. சாயம் போடுவது போன்ற ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாக ஜி.எஸ்.டி. சட்டம் எடுத்துக்கொள்ளும். ஐ.டி.சி.-04 என்ற ஜி.எஸ்.டி. படிவத்தில் அதன் கணக்கும் காட்ட வேண்டும். அக்கவுண்ட்ஸுக்கு அந்த நம்பர் நிஜமாகவே வேண்டும், ஆனால் லாரி நிற்கும் நேரத்தில் வேண்டாம். அதனால் ‘பேப்பர் வரவில்லை’ என்று ஒரு டிக் வைத்தோம். டிக் போட்டவை எல்லாம் மறுநாள் காலை அக்கவுண்ட்ஸ் திரையில் பாக்கிப் பட்டியலாக வரும்.

மாற்றிய திரையைச் சோதித்த கதை தனி. வேலை செய்துகொண்டே மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்வது வழக்கமான முறை. ஸ்டோர்ஸில் அது சுத்தமாக எடுபடவில்லை, “சரிங்க சார், நல்லா இருக்குங்க” என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா” என்றேன். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. “இதைத் தொடாதே, எல்லாம் போயிரும்”, “இங்க ரெண்டு தடவை தட்டு”. எங்கே பயப்படுகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிட்டது.

ஒரு சாஃப்ட்வேர் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய 10 கேள்விப் பட்டியலையும் தமிழாக்கிக் கொடுத்துப் பார்த்தோம். ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டு, இரட்டைப்படைக் கேள்விகள் குறை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். எங்கள் மனசு நோகக் கூடாதென்று எல்லோரும் எல்லாவற்றுக்கும் 5 போட்டார்கள், ‘தேவையில்லாத சிக்கல் இருக்கிறது’ என்பதற்கும்கூட! கணக்குப் போட்டால் 100-க்குச் சரியாக 50 வரும். அதை வைத்து என்ன செய்வது? தூர வைத்துவிட்டோம்.

கடைசியில் இழுபறியானது டயாதான். கட்டிங் மாஸ்டருக்கு ஒவ்வொரு ரோலுக்கும் டயா வேண்டும், அக்காவுக்கு ஒரு கட்டம் கூடினாலும் ஆகாது. இருவர் கேட்பதும் நியாயம். மேல் வரியில் போட்ட டயா கீழ் வரிக்குத் தானாக இறங்கும்படி செய்தோம், மாறும்போது மட்டும் அடித்தால் போதும். என்டர் அடுத்த வரிக்குப் போகும். காலி வரியில் என்டர் தட்டினால்தான் சேவ் பட்டனுக்கே வரும், டேலியில் பட்டியலை முடிப்பது போலவே. அதற்கு யாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரோல் வாரியாக எண்ட்ரி விழ ஆரம்பித்ததும் மாஸ்டர் தன் நோட்டை நிறுத்திவிட்டார்.

தராசிலிருந்து எடையை நேராக பிரவுசருக்குக் கொண்டுவரும் யோசனையும் இருந்தது. குரோம் 2021-இல் அதற்கு வழி திறந்துவிட்டது, சீரியல் போர்ட் உள்ள தராசு இருந்தால் போதும். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்தார்: “கவர் எடையை யாருங்க கழிப்பாங்க?” ஈர நாளில் பாலிதீன் கவரோடு ஏற்றுகிறார்கள், மற்ற நாளில் கழற்றிவிட்டு. இரண்டுக்கும் ஒரே திரையில் வழி கிடைக்கும் வரை அக்கா கையால்தான் அடிக்கிறார். மேனேஜர்கள் கேட்ட டேஷ்போர்டு அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.