ஆதாரக் குடியிருப்பில் ஒரு மளிகைக் கடை

சென்னையில் நில உபயோக மாற்றம் கோரும் அறிவிப்புகள் நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வருகின்றன. சர்வே எண், கிராமத்தின் பெயர், 'ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதியிலிருந்து வணிக உபயோகப் பகுதியாக' என்ற மாறாத வாய்பாடு (ஆதாரக் குடியிருப்பு என்றால் முதன்மையாக வீடுகளுக்கென ஒதுக்கிய பகுதி), ஆட்சேபணை தெரிவிக்க ஒரு கெடு. இவற்றை விடாமல் படிப்பது என் பழக்கம். வீடுகளும் அன்றாடக் கடைகளும் கலந்து, நடந்தே போய்வரத்தக்க சிறு மையங்களை ஒவ்வொரு பேட்டையிலும் உருவாக்க வேண்டும் என்று எல்லோரும் பேசும்போது, அது ஏன் நடக்கவில்லை என்பதற்கான விடை இந்த அறிவிப்புகளிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் விதிகள் மனையைத்தான் பார்க்கின்றன, தெருவைப் பார்ப்பதில்லை.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கீழே பூஜைச் சாமான் கடையும் பாத்திரக் கடையும், மேலே குடித்தனமோ டியூஷன் வகுப்போ இருக்கும். கட்டடங்கள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். படியிறங்கினால் தெரு. நவராத்திரி வந்தால் அதே தெருவோரம் கொலு பொம்மைச் சந்தையாகிவிடும். இந்த அமைப்பு இன்றும் சட்டத்துக்கு உட்பட்டு நீடிக்க முடிவதற்குக் காரணம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் சில இடங்களை விதிகள் 'தொடர் கட்டடப் பகுதி' என்று தனியே பிரித்து, பக்க இடைவெளி கேட்காமல் விட்டிருப்பதுதான்.

அந்த எல்லைக்கு வெளியே இதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட முயன்று பாருங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை. முன்னும் பின்னும் பக்கங்களிலும் இடம் விட வேண்டும்; தளப்பரப்புக்கு ஏற்பக் கார் நிறுத்தவும் இடம் காட்ட வேண்டும். இரண்டையும் கழித்த பிறகு தரைத்தளம் முழுவதும் தூண்களும் கார்களுமாகிவிடுகிறது. நகரமெங்கும் புதிய அடுக்ககங்கள் 'ஸ்டில்ட்' எனப்படும் தூண் தளத்தின் மேல் எழுவது இதனால்தான். கடை வரவேண்டிய இடத்தில் இரும்பு கேட் வருகிறது. தெருவில் நடப்பவருக்குப் பார்க்க மதில் சுவர் மட்டுமே மிஞ்சுகிறது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. வரவேற்கத்தக்க மாற்றம்தான் என்றாலும், கூடுதல் பரப்பு மேலே வீடுகளாகப் போயிற்றே தவிர, தரைத்தளத்துக்கு அதனால் விடிவு எதுவும் பிறக்கவில்லை.

மக்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வரைபடத்தில் 'கார் நிறுத்துமிடம்' என்று ஒப்புதல் பெற்ற பத்துக்குப் பதினாறு அடி இடத்தில் ஷட்டர் போட்டு, அரிசி மூட்டையை அடுக்கி, கல்லாப்பெட்டியை வாசலோரம் வைத்து மளிகைக் கடை நடப்பதை எந்தக் காலனியிலும் காணலாம். மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றினால் விதிமீறல் வெளியே தெரிந்துவிடுமோ என்ற தயக்கத்தில், பலர் வீட்டு இணைப்பிலேயே ஃபிரிட்ஜை ஓட்டுகிறார்கள். அந்தக் கடை இல்லையென்றால் தயிர் வாங்க வண்டியை எடுக்க வேண்டும்.

விதியைத் தளர்த்தலாம் என்றால், குடியிருப்போர் நலச் சங்கங்கள் 'இன்னொரு தி.நகர் வேண்டாம்' என்கின்றன. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 1920-களில் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் திட்டமிடப்பட்ட குடியிருப்பு அது. இன்று மாநிலம் முழுவதற்குமான ஜவுளி, நகைச் சந்தையாகிவிட்டது. விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பின்னர் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்டவற்றுக்காக 113-சி வந்தது. மீறியவருக்குக் காத்திருந்தால் மன்னிப்புக் கிடைக்கும் என்று கண்ட பிறகு, 'சிறு கடைகள் மட்டும்தான்' என்று அரசு சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி நம்புவார்?

ஆகவே சிக்கல் உபயோகத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. இஸ்திரிக் கடையும் ஐந்து மாடிப் பட்டு மாளிகையும் நில உபயோக வரைபடத்தில் ஒரே வணிகம். ஆதாரக் குடியிருப்பில் சில சிறு கடைகளுக்கு இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகையும் மனைக்கு மனை தனித்தனியே நிற்கிறது. சென்னையின் நில உபயோகத்தை வகுக்கும் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026 வரைதான். அடுத்ததில் ஒவ்வொரு வார்டிலும் சில தெருக்களை மட்டும் குறித்து, அங்கே தரைத்தளக் கடைக்குப் பரப்பு வரம்பு வைத்து, அந்த வரம்புக்குள் அடங்கும் கடைக்குக் கார் நிறுத்துமிடம் கேட்காமல், முன் இடைவெளியையும் நீக்கலாம். இரண்டு மூன்று மனைகளை இணைத்து ஒரே கடையாக்குவதைத் தடுக்கும் விதி இதில் இல்லாவிட்டால் மற்றவை வீண். பெரிய கடைகள் பெரும்பாலும் அப்படித்தான் உருவாகின்றன.

வாடகைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஒரு தெரு 'வணிகத் தெரு' என்று அறிவிக்கப்பட்டதுமே அங்கே நிலமதிப்பு ஏறும். முதலில் காலி செய்பவர்கள் தையல்காரரும் மாவு மில்காரருமாகத்தான் இருப்பார்கள். பரப்பு வரம்பு பெரிய கடையைத் தடுக்குமே ஒழிய, அதே சிறு கடையில் மாவு மில் போய் கைப்பேசிக் கடை வருவதைத் தடுக்காது.