நடுவர் தேர்வில் டிராவலிங்: நான் படித்த விதம்

கூடைப்பந்து நடுவர் தேர்வில் இரண்டாவது முறைதான் தேறினேன். முதல் முறை என் காலை வாரியது டிராவலிங், அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதி அனுமதிக்கும் இரண்டு ஸ்டெப்புக்கு மேல் வைப்பது போன்ற கால் தவறு. பள்ளிக்கூடத்திலிருந்து ஆடி வருகிறோம், இது தெரியாதா என்று அந்தப் பகுதியை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போயிருந்தேன்.

எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி. ஓடிவரும் ஆட்டக்காரர் வலது கால் தரையில் இருக்கும்போது பந்தைப் பிடிக்கிறார். அடுத்து இடது, அடுத்து வலது ஊன்றி, எம்பிக் கூடையில் போடுகிறார். செல்லுமா? கால் மூன்று முறை தரையைத் தொட்டிருக்கிறதே என்று ‘டிராவலிங்’ என எழுதினேன். செல்லும் என்பதுதான் விடை.

கடலூரில் நாங்கள் மாலையில் ஆடும் சிமெண்ட் கோர்ட்டில் இதே சண்டை அன்றாடம் நடக்கும். “மூணு ஸ்டெப் வச்சிட்டாருண்ணா!” என்று ஒருவன் கத்துவான், “அது ஜீரோ ஸ்டெப்டா” என்று இன்னொருவன் மல்லுக்கு நிற்பான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. 2017 அக்டோபரில் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா விதியை மாற்றியது. அதற்கு முன்பு ஆடிப் பழகிய அண்ணன்கள் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். நானும் அவர்களிடம் கற்றவன்தான்.

புதிய கணக்கு இதுதான். ஓட்டத்தில் இருப்பவர் கையில் பந்து அடங்கும் நொடியில் தரையில் இருக்கும் கால் எண்ணிக்கையில் சேராது. அதற்குப் பிறகு ஊன்றுவது ஒன்று, அடுத்தது இரண்டு. அந்தரத்தில் இருக்கும்போதே பந்தைப் பிடித்தால் இந்தச் சலுகை இல்லை. தரையில் படும் முதல் காலே ஒன்று. நின்ற இடத்தில் பந்தை வாங்குபவருக்கும் ஜீரோ ஸ்டெப் கிடையாது. இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே காலை எண்ணுவது பிறகு. பந்து எப்போது கையில் அடங்கியது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். புத்தகத்தை மட்டும் படித்து எனக்கு இது பிடிபடவில்லை. புதுச்சேரியில் ஆடும் நண்பர் ஒருவரும் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் பஸ் ஏறி அவரிடம் போய்விடுவேன். ஒரு வாளித் தண்ணீரில் ஷூவின் அடிப்பகுதியை நனைத்துக்கொண்டு அவர் மெதுவாக லே-அப் (ஓடிவந்து கூடைக்கு அருகில் எம்பிப் பந்தைப் போடுவது) போடுவார். பந்து அடங்கும் நொடியில் நான் “கையில” என்பேன். பிறகு குனிந்து சிமெண்டில் இருக்கும் ஈரத்தடத்தைப் பார்ப்போம்: எது ஜீரோ, எது ஒன்று, எது இரண்டு. கடற்கரை வெயிலில் தடம் சீக்கிரம் காய்ந்துவிடும், அதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மூன்று ஞாயிறு போனதும் தடத்தைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது. டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) சத்தம் நிற்பதைக் காது முதலில் சொல்லிவிடும், கண் காலுக்குப் போகும்.

ஜம்ப் ஸ்டாப்புக்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். முதல் ஸ்டெப்பிலேயே இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி நின்றால், எந்தக் காலையும் பிவட்டாக (இடம் பெயராமல் ஊன்றிய அச்சுக் காலாக) வைத்துத் திரும்பலாம். முதல் ஸ்டெப் ஒற்றைக் காலில் வைத்து, அதிலிருந்து எம்பி இரண்டு காலிலும் சேர்ந்து இறங்கினால் பிவட் செய்யவே கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். என்னிடம் வாய்மொழித் தேர்வில் கேட்டது இதைத்தான்.

மற்றவை சுலபம். டிரிபிள் தொடங்கும்போது, பந்து கையை விட்டுப் போகும் முன் பிவட் காலைத் தூக்கினால் தவறு. ஷூட் செய்யவோ பாஸ் கொடுக்கவோ தூக்கலாம், பந்தை விடும் முன் கால் திரும்பத் தரையில் படக் கூடாது, அவ்வளவுதான். பந்தோடு விழுந்து சறுக்கினால் தவறில்லை. பந்தைப் பிடித்தபடியே உருண்டாலோ எழுந்திருக்கப் பார்த்தாலோ விசில். டிரிபிள் செய்யும்போது, பந்து கையைத் தொடாத நேரத்தில் எத்தனை ஸ்டெப் வைத்தாலும் கேள்வி இல்லை.

யூடியூபில் அமெரிக்காவின் என்பிஏ லீக் ஆட்டம் பார்த்துப் படிப்பவர்கள் கவனமாக இருங்கள். அங்கே விதிப்புத்தகம் வேறு. நம் தேர்வுக்கு ஃபீபா புத்தகத்தின் 25-ஆம் விதிதான். அதுவும் பழைய பிரதியாக இருந்துவிடக் கூடாது.

செய்முறைத் தேர்வில் ஒரு பையன் யூரோ ஸ்டெப் (ஒரு ஸ்டெப் ஒரு பக்கம், அடுத்தது மறுபக்கம்) போட்டு உள்ளே போனான். சுற்றி நின்றவர்கள் “டிராவல், டிராவல்” என்று கத்தினார்கள். நான் விசிலை ஊதவில்லை. ஆட்டம் நின்றதும் தேர்வாளர் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். “பந்து அடங்கும்போது வலது கால் தரையில இருந்துச்சு சார். அப்புறம் இடது, வலது. அதோட பந்தை விட்டுட்டான்” என்றேன். தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.