தோலோடு தின்னும் அவகாடோ: வஹாக்காவில் ஒரு வீட்டு டாக்கோ

டாக்கோ என்றால் மொறுமொறுவென்று வளைந்த மஞ்சள் ஓடு, அதற்குள் கொத்துக்கறி, மேலே துருவிய சீஸ், பக்கத்தில் ஒரு கிண்ணம் குவாகமோலே, அதாவது வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோவின் மசியல் என்று பழகிப்போனவர்களுக்கு இந்தப் பதிவில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த ஓட்டு டாக்கோ அமெரிக்கத் துரித உணவுக் கடைகள் உலகம் முழுக்கப் பரப்பியது. தெற்கு மெக்சிகோவில், வஹாக்கா மாநிலத்தில், ஒரு வீட்டு அடுப்படியில் நான் சாப்பிட்ட டாக்கோவில் சீஸ் இல்லை, குவாகமோலே இல்லை, எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை. அவகாடோ இருந்தது, ஆனால் தோலோடு. அவகாடோ மரத்தின் இலையும் இருந்தது, அதுவும் இரண்டு விதமாக. மாட்டுக்கறி உண்டு, ஆனால் ஸ்டேக் என்றதும் கண்முன் வருமே தடித்த துண்டு, அது இல்லை.

வஹாக்கா நகரத்திலிருந்து கிழக்கே மித்லா போகிற சாலையில் தேயோதித்லான் தெல் வாயே என்று ஓர் ஊர் இருக்கிறது. கம்பளி விரிப்பு நெசவுக்குப் பேர்போன, சாபோதெக் பழங்குடிகளின் ஊர், எந்த வாசலில் எட்டிப் பார்த்தாலும் ஒரு தறி தெரியும். நான் தங்கியதும் நெசவாளர் வீட்டில்தான். கள்ளிச்செடியில் வளரும் கோச்சினியல் பூச்சியைக் காயவைத்துப் பொடித்து அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள், எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சாக மாறும், அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. சாப்பாட்டுக்கு வருகிறேன்.

வீட்டம்மா கணவரிடம் சாபோதெக்கில் பேசுவார், என்னிடம் ஸ்பானிஷில் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். நான் அவரை ‘சென்யோரா’ என்பேன், அவருக்கு நான் ‘ஹோவென்’, அதாவது தம்பி. மெக்சிகோ வந்து நல்ல ஸ்டேக் டாக்கோ ஒன்று வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், த்லாகோலூலா சந்தைக்குப் போய்க் கறி வாங்குவோம் என்றார். நல்ல தடியான துண்டாக வாங்கலாமா என்று கேட்டேன். “பல்லுக்கு வேலை வைக்கிற கறி டாக்கோவுக்கு ஆகாது, ஹோவென்” என்று அத்தோடு முடித்துவிட்டார்.

த்லாகோலூலா அங்கிருந்து பக்கம்தான், நகரத்திலிருந்து வருபவர்களுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஷேர் டாக்சி எடுத்தால் முன் சீட்டில் டிரைவரைத் தவிர இரண்டு பேரை ஏற்றுவார்கள், கியர் மாற்றும்போதெல்லாம் உங்கள் முழங்காலைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றவேண்டியிருக்கும். ஞாயிறு சந்தைக்குச் சுற்றுப்பட்டு மலை ஊர்களிலிருந்தெல்லாம் சனம் இறங்குகிறது. உயிருள்ள வான்கோழியைக் காலைக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற பாட்டிகள், மெஸ்கால் என்கிற சாராயம் விற்பவர்கள், கூடை கூடையாக வறுத்த வெட்டுக்கிளி. கறி விற்கிற கூடத்துக்குள் நுழைந்தால் புகையில் கண் எரிகிறது. ஒரு பக்கம் கறிக்கடைகள், அருகிலேயே கரி அடுப்புகள். கறியை வாங்கி அந்த அடுப்பில் நீங்களே போட்டுச் சுட்டுக்கொள்ளலாம். தண்டோடு வெங்காயமும் பச்சை மிளகாயும் வேறொரு பெண்ணிடம், டோர்டியா என்கிற மக்காச்சோள ரொட்டி இன்னொருவரிடம். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே தின்கிறார்கள். வஹாக்கா நகரத்தில் ‘நவம்பர் 20’ என்று பெயர்கொண்ட சந்தையிலும் இப்படி ஒரு புகைமூட்டமான கறிச் சந்து உண்டு, சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது பெரும்பாலும் அங்கேதான். எனக்கு த்லாகோலூலாதான் பிடித்தது. இங்கே யாரும் உங்களைக் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

நாங்கள் வாங்கியது தஸாஹோ. மாட்டுக்கறியை மெல்லிய விரிப்பாக, அறுந்துபோகாமல் நீளமாக அறுத்துக்கொண்டே போய் உப்புத் தடவி, காற்றாடத் தொங்கவிட்டு, பாதி காய்ந்ததும் விற்பது. நம் ஊர் உப்புக்கண்டம் முழுக்கக் காய்வதற்கு முந்தைய நிலையில் இருந்தால் எப்படியோ அப்படி, மஞ்சளும் மிளகாயும் இல்லாமல். கடைக்காரர் விரிப்பைத் தூக்கிக் காட்டும்போது அந்தப் பக்கம் நிற்பவரின் நிழல் தெரிகிறது. சென்யோரா அதில் ஒரு நுனியைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார், தலையை ஆட்டினார், அரைக் கிலோ. பேரம் எல்லாம் இல்லை.

அப்புறம் அவகாடோ. உலகம் பூராவும் கிடைப்பது ஹாஸ் ரகம், தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் கலிஃபோர்னியாவில் தன் தோட்டத்து மரத்துக்கு 1935இல் காப்புரிமை வாங்கினாரே, அதன் வழி வந்தது. தடித்த, சொரசொரப்பான தோல், அடிபடாது, கப்பலேறும், அதனால் ஜெயித்தது. இங்கே சந்தையில் தரையில் துணி விரித்துக் குவித்து வைத்திருப்பது க்ரியோயோ, நாட்டு ரகம். முட்டையளவுதான் இருக்கும், சிலது அதைவிடச் சின்னது. கறுப்பாக மினுமினுக்கும், தோல் அத்தனை மெல்லிசு. உள்ளே பாதியிடத்தைக் கொட்டை பிடித்துக்கொள்ளும், மிச்சம்தான் சதை. கணக்குப் பார்த்தால் நட்டம் என்று தோன்றும். ஆனால் தோலையும் சேர்த்துத் தின்னலாம், அந்தத் தோலில்தான் ருசியே இருக்கிறது, லேசான சோம்பு மணம்.

அந்த மணம் இலையில் இன்னும் தூக்கல். மெக்சிக இனத்து அவகாடோ இலையில் எஸ்ட்ராகோல் என்ற எண்ணெய்ச் சத்து இருக்கிறது, சோம்பு வாசனை வருவது அதனால்தான். குவாதமாலா இனத்து இலைக்கு அந்த வாசனை கிடையாது. காய்ந்த இலைகளைக் கட்டுக்கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள், சென்யோரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லையில் மரம் இருக்கும்போது இலைக்குக் காசு கொடுப்பார்களா?

மாவு வேலை முந்தைய ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அப்படியே விடிய விடிய ஊறவிடுகிறார்கள். இதுதான் நிஷ்தமால். சுண்ணாம்பு பட்டால் மணியின் தோல் கழன்று வரும், மாவு ஒட்டும், நியாசின் சத்தும் உடம்பில் சேரும்படி விடுபடும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள், அதையே மூன்று வேளையும் தின்ற வட இத்தாலி ஏழைகளுக்குப் பெல்லாக்ரா நோய் வந்தது. காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஊர் மில்லுக்குப் போனோம். மில் வரிசையில்தான் ஊர்ச் செய்தி எல்லாம் கைமாறுகிறது, எனக்குப் புரிந்தது அதில் கால்வாசிகூட இருக்காது. அரைத்து வந்த மாவை மெதாதே என்கிற கல்லில் இன்னொரு முறை இழைத்தார். டோர்டியா சுடுகிற மண்சட்டி கோமாலுக்கும் ஒரு பூச்சு சுண்ணாம்புத் தண்ணீர்தான், காய்ந்து வெள்ளையானதும் மாவு அதில் ஒட்டுவதே இல்லை. எண்ணெய்க்கு அங்கே வேலையே கிடையாது.

இனி சமையல். கறுப்பு பீன்ஸ் முன்பே வெந்து இருந்தது. கோமாலில் இரண்டு மூன்று அவகாடோ இலையைப் போட்டுப் புரட்டினார், ஓரம் சுருண்டு வாசனை கிளம்பியதும் எடுத்து, சுட்ட காய்ந்த மிளகாயோடும் உப்போடும் கல்லில் நுணுக்கி, பீன்ஸைச் சேர்த்து அரைத்தார். பல வீடுகளில் இந்த விழுதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். இவர் வதக்கவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

மிளகாய் தனி. சீலே தெ ஆகுவா என்று இந்தப் பள்ளத்தாக்கின் மிளகாய், வெளிர்பச்சை, பெயரில் தண்ணீர் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், நல்ல காரம். நெருப்பில் சுட்டுத் தோலை உரித்து, நாராகக் கிழித்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தார்.

கரி அடுப்பு கனன்றதும் கொல்லைக்குப் போய் ஒரு சின்னக் கிளையையே ஒடித்து வந்தார். பச்சை இலையைக் கங்கின் மேல் போட்டதும் குப்பென்று புகை, அந்தப் புகையிலேயே தஸாஹோவை விரித்தார். இந்தப் பக்கத்தில் ஆட்டைக் குழியில் போட்டுச் சுடும் பார்பகோவாவுக்கு அவகாடோ இலை போடுவது வழக்கம்தான், அதை அரை நிமிடக் கறிக்குச் செய்வது இந்த வீட்டுப் பழக்கம் என்றார். ஒரு பக்கம் சுருங்கியதும் திருப்பினார், அடுத்த பக்கம் இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். ஓரங்கள் கருகி நடுவில் மென்மையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், விட்டால் செருப்புத்தோல்.

சூடான டோர்டியா, உள்ளங்கையைவிடப் பெரியது. மேலே பீன்ஸ் விழுது ஒரு மெல்லிய பூச்சு. கையால் கிழித்த கறி. அடுத்ததுதான் நான் எங்குமே பார்க்காதது. இரண்டு குட்டி அவகாடோவை விரலால் பிளந்து, கொட்டையைப் பிதுக்கித் தள்ளிவிட்டு, தோலோடு அப்படியே கறியின் மேல் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. பச்சைச் சதை கறியின் இடுக்கில் எல்லாம் இறங்க, கறுப்புத் தோல் மேலே துண்டு துண்டாக நின்றது. மிளகாய் நார் நான்கு, செபிச்சே கீரை ஒரு கிள்ளு, மடி, தின்.

முதல் கடியில் உப்பு. உடனே அந்த உப்பை அவகாடோ வந்து அணைக்கிறது. அப்புறம் புகை, கடைசியில் சோம்பு வாசனை மட்டும் நாக்கில் நிற்கிறது. அது இலையிலிருந்து வந்ததா தோலிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பீன்ஸை ஏன் கொழுப்பில் வதக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் அவகாடோவைக் காட்டினார். “இது இருக்கும்போது அது எதற்கு?” எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. உலர்ந்த, உப்பேறிய, கொழுப்பில்லாத கறிக்குக் கொழுப்பைக் கொடுப்பது அந்தப் பழம். எலுமிச்சை, வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் அது தனி ஒரு பதார்த்தமாகி அதன் ருசியைத்தான் காட்டும். சும்மா நசுக்கி வைத்தால் கறிக்கு வேலை செய்யும். கறியில் உப்பு இருக்கிறது, பழத்தில் கொழுப்பு இருக்கிறது, இரண்டிலும் வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. சீஸ் கொஞ்சம் போடலாமா என்று நான் கேட்டேன், வஹாக்காவின் கேசியோ நார் நாராக அவ்வளவு நன்றாக இருக்குமே என்று. போட்டுக்கொடுத்தார். சீஸ் போடாததே மேல், கொழுப்பின் மேல் கொழுப்பு ஏறி இலை வாசனை அமுங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் பன்றியும் மாடும் இந்த மண்ணுக்கு ஸ்பானியர்களோடு 16ஆம் நூற்றாண்டில் வந்தவை, வெங்காயமும் எலுமிச்சையும்கூட அப்படித்தான். அதற்கு முன் அவகாடோ, பூசணி விதை மாதிரிச் சிலவற்றில்தான் கொழுப்பு. மித்லா பக்கத்தில் கிலா நாக்கிட்ஸ் என்று ஒரு குகை இருக்கிறது, சுமார் 10,000 ஆண்டுப் பழைய பூசணி விதையும், 6,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சோளக்கதிரும் அங்கே கிடைத்திருக்கின்றன. யாகுல், மித்லா குகைகளை யுனெஸ்கோ 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குகைகள் இருக்கும் மலைத்தொடரைப் பார்த்தபடிதான் சந்தையிலிருந்து திரும்பினோம். மாட்டுக்கறியும் வெங்காயமும் எலுமிச்சையும்தான் இந்த டாக்கோவில் புதுசு, வந்து 500 வருடம்தான் ஆகிறது.

ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: மாட்டுத் தொடைக்கறியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுகியதும் முடிந்தவரை மெல்லிசாக அறுங்கள். அரைக் கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு தடவி, கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. மறுநாள் கரி இருந்தால் கரி, இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த இரும்பு தோசைக்கல். டோர்டியாவுக்குக் கார்ன்ஃப்ளவர் என்று கடையில் விற்கும் சோளமாவு ஆகாது, சாதாரண மக்காச்சோள மாவும் பிரிந்து போகும், சுண்ணாம்பில் வேகவைத்து அரைத்த மாசா மாவுதான் வேண்டும். கொடைக்கானல் பக்கம் வெண்ணெய்ப்பழ மரம் வைத்திருப்பவர்கள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், சோம்பு வாசனை வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் பீன்ஸில் இரண்டு சிட்டிகை சோம்பை வறுத்துப் பொடித்துப் போடுங்கள். ஹாஸ் பழம் என்றால் தோலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது தடித்த தோல், வாய்க்கு ஆகாது.

த்லாகோலூலா போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கறிக்கூடத்தில் நிற்க இடம் இருக்காது. க்ரியோயோ அவகாடோவை அழுத்திப் பார்த்தால் விற்கிற அம்மா முறைப்பார். இன்றைக்குத் தின்ன என்று சொன்னால் அவரே பொறுக்கித் தருவார், சொன்ன நாளிலேயே தின்றுவிடுங்கள்.