ஹாலுக்கு வெள்ளை ஸ்க்ரீனா கிரே ஸ்க்ரீனா, ஒருவழியா முடிவு பண்ணியாச்சு

ப்ராஜெக்டர் வாங்குறதுகூட ஈஸி, ஸ்க்ரீன் எந்தக் கலர்ல எடுக்குறதுனுதான் மண்டை காஞ்சிருச்சு. கேட்டவங்க பாதிப் பேரு கிரே எடுங்க, கருப்பு நல்லா கருப்பா தெரியும்னாங்க. ப்ராஜெக்டரால கருப்பை அடிக்க முடியாதுங்க, லைட்டைக் குறைக்கத்தான் முடியும். ரூம் வெளிச்சத்துல வெறும் ஸ்க்ரீன் எவ்ளோ கருப்பா இருக்கோ அதைவிட கருப்பா படத்துல எதுவும் தெரியாது.

கடையில கேட்டு ரெண்டுலயும் துண்டுத் துணி வாங்கிட்டு வந்து செவுத்துல பக்கத்துல பக்கத்துல மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். ஹீரோ வேட்டி வெள்ளைத் துணியில பளிச்சுனு இருக்கு, கிரேல சோப்பு போடாம அலசின மாதிரி. ஆனா வெள்ளையை எடுத்துட்டு கிரேவை மட்டும் பார்த்தா கொஞ்ச நேரத்துல கண்ணு பழகி அதுவும் வெள்ளையாதான் தெரியுது. கிரேயோட கெயின் (வெள்ளை ஸ்க்ரீனை 1னு வச்சா எவ்ளோ வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுங்கிற அளவு) 0.8னா கருப்பு வெள்ளை எல்லாமே சமமா மங்கும், அப்போ கான்ட்ராஸ்ட் எங்க கூடுது?

அதுக்கு பதில் சீலிங்ல இருந்துச்சு. பளிச் சீன் வந்தா எங்க சீலிங்ல ஃபேன் நிழல் விழும், அவ்ளோ வெளிச்சம் ஸ்க்ரீன்ல இருந்து தெறிச்சுப் போகுது, செவுரு சீலிங் எல்லாம் வெள்ளை பெயிண்ட்ங்கிறதால அது திரும்ப ஸ்க்ரீன்லயே வந்து விழுந்து கருப்பை வெளிற வைக்குது. முழு ஸ்க்ரீனும் கிரேன்னா படம் ஒரு தடவைதான் மங்கும், தெறிச்சுத் திரும்புற வெளிச்சம் ரெண்டு தடவை அடி வாங்கி 0.64 ஆயிடும், லாபம் அதுதான். துண்டுத் துணியில இது தெரியவே தெரியாது.

பகல்ல ஜன்னல் திறந்திருந்தா ரெண்டுமே வேஸ்ட், அதுக்கு ரூம் வெளிச்சத்தை ஒதுக்கித் தள்ளுற ஏஎல்ஆர் ஸ்க்ரீன்னு தனியா இருக்கு, விலை வேற லெவல்.

வாங்குறதுக்கு முன்னாடி லூமென்ஸ், அதாவது ப்ராஜெக்டர் எவ்ளோ வெளிச்சம் தருதுங்கிற கணக்கு போட்டுக்கோங்க. 100 இன்ச்னா சுமார் 30 சதுர அடி, ஃபிலிம் தியேட்டர் அளவு 16 ஃபுட்லாம்பர்ட் (ஸ்க்ரீன் எவ்ளோ பளிச்சுனு தெரியுதுங்கிற அளவு) வேணும்னா வெள்ளைக்கு 480 லூமென்ஸ், 0.8 கிரேக்கு 600, அதுவும் பெட்டியில போட்டிருக்கிற லூமென்ஸ் இல்ல, சினிமா மோட்ல ஸ்க்ரீனுக்கு நிஜமா வந்து சேர்றது. சின்ன எல்ஈடி ப்ராஜெக்டர் வச்சிருக்கவங்க கிரே பக்கமே போகாதீங்க.

சீலிங்குக்கு டார்க் பெயிண்ட் அடிச்சா வெள்ளையே போதும், வாடகை வீட்டுல ஓனர் விடுவாரா? நான் 100 இன்ச் கிரேவே எடுத்துட்டேன். மச்சானோட மாடி ரூம்ல செவுரு சீலிங் எல்லாம் காப்பி கலர், ஜன்னலும் கிடையாது, அவருக்கு வெள்ளைதான் சொல்லியிருக்கேன்.