ஸ்காபரோவில் முதல் குளிர்காலம்: தட்டும் பதற்றமும்

கனடா வந்திறங்கிய முதல் மாதங்களில் அனேகமாக எதுவும் நம் கையில் இருப்பதில்லை. வாடகை வீட்டுக்காரர் சொல்வதுதான், வேலை நேரம் மேற்பார்வையாளர் போடுவதுதான், குடிவரவுக் கடிதம் அது வருகிற நாளில்தான். மிஞ்சுவது சாப்பாட்டுத் தட்டு. குறைத்துக் குறைத்துச் சாப்பிட்டோ, இரவில் அடக்கமாட்டாமல் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பட்டினி கிடந்தோ பழகி, அந்த உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வருபவருக்கு இதுதான் வழுக்கும் இடம். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். பேஸ்மென்ட் அறையில் தனியாக இருக்கும்போது, சாப்பிடாமல் விட்டால் மனம் கொஞ்சம் அடங்கும்போலத் தோன்றும்.

கொஞ்ச நேரம் அடங்குவதும் உண்மைதான். ஆனால் பட்டினியே பதற்றத்தை உண்டாக்கும். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள், சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து வாசித்தார்கள். கோப்பியும் சூயிங்கமும் கணக்கில்லாமல் போயின. அதனால் பதற்றத்துக்கு முதல் மருந்து மூச்சுப் பயிற்சியல்ல, நேரத்துக்குச் சாப்பாடு. மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பசி உணர்வு சீராகத் திரும்ப நாளாகும். அதுவரை மணிக்கூடுதான் பசி. பல நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர் மட்டும் ஒரேயடியாகக் கூட்டக் கூடாது. இரத்தத்தில் பொஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம், ஆகவே முதலில் மருத்துவர்.

களஞ்சிய வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும். ஒன்ராறியோ சட்டப்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை இல்லாமல் வேலை வாங்க முடியாது. ஆனால் ஐந்து மணி நேரமே நமக்கு நீளம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்த அரை மணியை இரண்டாகப் பிரிக்கலாம். கேட்டுப் பாருங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டைப்பையில் கச்சானோ எள்ளுருண்டையோ இருக்கட்டும். ரிம் ஹோட்டன்ஸ் கடையின் பெரிய கோப்பியைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிப்பது இங்கே பலரும் செய்வது. கஃபீன் பசியை மறைக்கும், நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும். அந்தப் படபடப்பைப் பயம் என்று மூளை வாசித்துவிடும்.

சாப்பிட்டு முடித்த முதல் ஒரு மணி நேரம்தான் பலருக்குப் பெரிய சோதனை: சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிடும் உந்துதல் அப்போதுதான் எழும். அந்த ஒரு மணி நேரத்தைத் தற்செயலுக்கு விடாமல் முன்கூட்டியே எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கோப்பையைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, குளியலறையிலிருந்து தள்ளி, மற்றவர்கள் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். கைக்கு வேலை வேண்டும்: உடுப்பு மடிப்பது, ஊருக்கு அழைத்துப் பேசுவது, பின்னல். உந்துதல் வந்தால் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று தாளில் குறியுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் குறியுங்கள். அலைபோல ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கத் தொடங்கும். அது தானாக இறங்குவதைத் தன் கையெழுத்திலேயே பார்ப்பது, யாரோ சொல்லிக் கேட்பதைவிட வலுவானது.

இணையத்தில் பதற்றத்துக்கு அடிக்கடி சொல்லும் வைத்தியம் முகத்தை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவது. உணவுக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. அது இதயத் துடிப்பைச் சட்டென்று குறைக்கும், பட்டினியால் ஏற்கெனவே துடிப்பு மந்தமாக இருக்கலாம். அடுத்ததாகச் சொல்லப்படும் கடும் உடற்பயிற்சியும் அப்படித்தான், சாப்பிட்டதை எரித்துத் தள்ளும் பழைய பழக்கத்துக்குப் புதுப் பெயராகிவிடும். நடை நல்லது. ஆனால் இன்று பனிப்புயல், போக வேண்டாம் என்றால் நெஞ்சு பதறுகிறதா? அப்படியானால் அது வெறும் நடையல்ல. மூச்சு போதும்: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். தலை சுற்றினால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள், அளவைக் குறைத்து மெதுவாக விடுங்கள்.

குடிவரவு, கடன், வாடகை பற்றிய கவலைக்கு மாலை ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளைக்குச் செய்யக்கூடியது ஒரு பக்கம், செய்ய முடியாதது மறு பக்கம். சாப்பாட்டு மேசைக்கு அந்தத் தாள் வரக் கூடாது.

பிறகு வாட்ஸ்அப் வீடியோ. "மெலிஞ்சு போட்டாய்", "நல்லாக் கொழுத்திட்டாய்" இரண்டும் அன்பில்தான் வருகின்றன, இரண்டும் ஒரு வாரத்தைக் கெடுக்கும். "உடம்பைப் பற்றிக் கதைக்க வேண்டாம் அத்தை, ஊர்ப்புதினம் சொல்லுங்கோ" என்று ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கந்த சஷ்டி இன்னொரு பொறி: ஆறு நாள் சாப்பிடாமல் இருப்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நோயாளிக்கு விரதம் கட்டாயமில்லை என்று வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். கவசம் படிக்கலாம், கோயிலுக்குப் போகலாம், சாப்பிட்டுவிட்டு.

மருத்துவரிடம் "மனம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் நித்திரைக் குளிசையோடு திருப்பி அனுப்பக்கூடும். "எனக்கு உணவுக் கோளாறு, பொட்டாசியம், பொஸ்பேட், ஈசிஜி பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டை இன்னும் இல்லாதவர்களைச் சமூக சுகாதார நிலையங்கள் பார்க்கின்றன. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கான ரொறொன்ரோவின் ஷீனாஸ் பிளேஸ் என்ற அமைப்பு பரிந்துரைக் கடிதமோ நோய்ச் சான்றோ கேட்காமல் இலவசக் குழு ஆதரவு தருகிறது. மயக்கம், நெஞ்சுத் துடிப்பில் தடுமாற்றம் வந்தால் 911. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 988, இரவிலும் எடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நியமனம் எடுக்கும்போதே கேளுங்கள். மச்சாளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவருக்கு முன்னால் பாதியைத்தான் சொல்வீர்கள்.