பால் பொங்கின நேரம்

போன திங்கட்கிழமை நவி மும்பை கார்கரில் என் நாத்தனார் மகள் புது ஃபிளாட்டில் பால் காய்ச்சினாள். நல்லபடியாக முடிந்தது. இதோடு பதிவை நிறுத்திவிடலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் எதுவும் அப்படி நேராக முடிவதில்லை. நடுவில் என் வீட்டுக்காரருடைய கடிகாரம் வந்து நிற்கும்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரிடையர் ஆன பணம் வந்த மறுவாரம், "பிள்ளைகளுக்குச் செஞ்சாச்சு, வீட்டுக் கடன் அடைச்சாச்சு, எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்று போய் வாங்கி வந்த சுவிஸ் சரக்கு. விலையை எழுத மாட்டேன், என் அம்மா இதைப் படிப்பார். அந்தக் காசுக்கு ஒரு ஆட்டோ வாங்கி வாடகைக்கு விட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆட்டோவிலும் மீட்டர் ஓடும். அதுவும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும்.

34 வருஷம் இவர் செம்பூரில் 8.47 லோக்கலைப் பிடித்தவர். அப்போதெல்லாம் கையில் கட்டியிருந்தது அறுநூறு ரூபாய் பேட்டரி வாட்ச். ஒரு நாள் வண்டியை விட்டதில்லை. இப்போது ஆபீஸ் இல்லை, வண்டி இல்லை, காலை டிபனுக்குக்கூட அவசரம் இல்லை. இப்போதுதான் விநாடி சுத்தமாக நேரம் தெரிய வேண்டுமாம். இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிற நான் மொபைலில் மணி பார்த்துக்கொண்டு ஓடுகிறேன்.

சரி, விநாடி சுத்தமாகவாவது ஓடுகிறதா? பேட்டரி கிடையாது. கை ஆட ஆட உள்ளே ஒரு தகடு சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளுமாம். மணிக்கு 28,800 துடிப்பாம். நான் கடுகு தாளிக்கும்போதுதான் இதையெல்லாம் வந்து சொல்வார். அவ்வளவு துடித்தும் நாளைக்கு ஐந்து விநாடி முன்னால் ஓடுகிறது. கேட்டால், "ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதுல அஞ்சு! மைனஸ் நாலுல இருந்து ப்ளஸ் ஆறு வரைக்கும் இருந்தா சுவிஸ்காரனே சர்டிபிகேட் கொடுக்கான், நீ என்ன பேசுத?" என்பார்.

அந்த ஐந்து விநாடியைப் பிடிக்க ஒரு பழைய ஆபீஸ் டைரி. தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மொபைலை ஒரு கையிலும் கடிகாரத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கணக்கு எழுதுவார். படுக்க வைக்கிற விதத்தைப் பொறுத்து ஓட்டம் மாறும் என்று கண்டுபிடித்திருக்கிறார். மல்லாக்கப் போட்டால் ஆறு கூடுகிறது, ஒருக்களித்துச் சாய்த்தால் மூன்று குறைகிறது. அதனால் அன்றைய கணக்கைப் பார்த்துப் படுக்கை. அத்தை ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "ஏல, அது கடியாரமா கைப்பிள்ளையா? சாய்ச்சுப் படுக்கப் போட்டுத் தட்டிக் கொடுத்துக்கிட்டு இருக்கே?" எங்கள் இரண்டு பிள்ளைகளும் நிஜமாகவே கைப்பிள்ளைகளாக இருந்தபோது இந்த மனிதர் ஒரு ராத்திரி எழுந்ததில்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அத்தைக்குப் பேசத் தகுதி உண்டு. அவரிடம் இருப்பது மாமாவின் எச்எம்டி ஜனதா. பெங்களூர் ஜாலஹள்ளியில் 1961-இல் ஜப்பான் சிட்டிசன்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை. அந்த வாட்ச் கம்பெனியையே மூடிவிட்டார்கள், மாமாவும் போய்ச் சேர்ந்தார், இது மட்டும் ஓடுகிறது. காலையில் பல் தேய்த்த கையோடு சாவி கொடுப்பார். நாளைக்கு நாலு நிமிஷம் பின்தங்கும். என்றைக்கும் நாலுதான், மூன்றே முக்கால் ஆகாது. "தப்புன்னாலும் ஒரே தப்பு. உங்க மாமா மாதிரி" என்பார். இவருடைய டைரி முழுக்கத் தேடினாலும் இந்தத் தெளிவு கிடைக்காது.

இப்போது பால் காய்ச்சுக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்வோம். ஒன்பது கழிந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பது என்று முடிவு. நேரம் சொல்ல வேண்டியவர் தாய்மாமா, அதாவது இவர். ஞாயிறு ராத்திரியே மொபைலைப் பார்த்து விநாடி முதற்கொண்டு திருத்திவைத்தார். அதிலும் திருப்தி வராமல், நல்ல காரியம் என்று கடிகாரத்தைச் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். மகள் தீபாவளிக்கு ஆச்சிக்கு வாங்கி அனுப்பிய ப்ளூடூத் ஸ்பீக்கர் அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் பதமாகச் சாய்த்து, ஒருக்களித்து. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரே கூப்பாடு. "மணி ஏழு! இன்னும் சேலை கட்டலையா?" வெளியே இருட்டாக இருந்தது. "தை மாசம்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார். என் மொபைல் சார்ஜில் கிடந்தது. இருந்தாலும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டேன். 34 வருஷம் இந்த வீட்டில் மணி என்றால் இவர் சொன்னதுதான். மாட்டுங்காவில் முந்தின நாளே வாங்கிய பூவை மட்டும் எடுத்துக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் டாக்ஸி ஏறினோம். வாஷி பாலம் காலியாகக் கிடந்தது. "பாத்தியா, பிளான் பண்ணிக் கிளம்பினா டிராஃபிக்கே இருக்காது." நானும் தலையாட்டினேன்.

அங்கே இருபது பேர் இருந்தார்கள், இருபது மொபைலும் இருந்தன. எல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன, ஒன்றிலும் ஒருவரும் மணி பார்க்கவில்லை. இவர் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு டிராஃபிக் போலீஸ் மாதிரி இடது கையை உயர்த்தினார். "இன்னும் பத்து விநாடி... அஞ்சு... ம், பத்த வை!" பற்றியது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நாங்கள் குலவை போட்டோம். பக்கத்து ஃபிளாட் மராட்டிக்காரம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

கோயம்புத்தூர் சம்பந்தியம்மா போட்டோவை ஊருக்கு அனுப்பலாம் என்று மொபைலைப் பார்த்தார். "ஏனுங்க, மணி எட்டு முப்பத்தி நாலுதானுங்களே ஆச்சு?"

குலவை போட்ட நாக்கு வாய்க்குள்ளேயே நின்றது. இவர் கையைப் பார்த்தார். 9.06. கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அது சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது. என் நாத்தனார் தன் தம்பியைப் பார்த்த பார்வையில் அடுப்பில் மிச்சமிருந்த பாலும் திரிந்திருக்கும். நடு ராகு காலத்தில், கணக்காகப் பத்து விநாடி எண்ணி, பால் காய்ச்சிக் கொடுத்த தாய்மாமா. நான் பூக்கூடையைச் சரிசெய்யத் தொடங்கினேன். கூடையில் பூவே இல்லை.

காப்பாற்றியது மாப்பிள்ளையின் தம்பி. மொபைலில் பஞ்சாங்கம் வைத்திருக்கிற பையன். "ஒரு நிமிஷம் இருங்க. ஏழரை முதல் ஒன்பதுங்கிறது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும்னு வெச்சுப் போட்ட பொதுக் கணக்கு. பகல் பொழுதை எட்டாப் பிரிச்சா திங்கட்கிழமைக்கு ரெண்டாவது பங்கு. மும்பையில் இன்னிக்குச் சூரிய உதயம் 7.14. அப்போ ராகு காலம் ஆரம்பிக்கிறதே 8.38-க்குத்தான்."

அதாவது பால் பொங்கினது ராகு காலத்துக்கு நாலு நிமிஷத்துக்கும் முன்னால். நாங்கள் நினைத்தபடி ஒன்பது தாண்டிக் காய்ச்சியிருந்தால் ராகு வாயிலேயே கொண்டுபோய் ஊற்றியிருப்போம். சம்பந்தியம்மா இரண்டு கையையும் கூப்பினார். இவரைப் பார்த்து இல்லை, இவர் மணிக்கட்டைப் பார்த்து. முதல் காபி யாருக்கு வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றிவிட்ட சட்டைக் கையை அன்று முழுக்க இறக்கவே இல்லை.

திரும்பி வரும்போது டாக்ஸியில் ஒரே பிரசங்கம். பம்பாய்க்கு 1955 வரைக்கும் தனி நேரம் இருந்ததாம், இந்திய நேரத்துக்கு 39 நிமிஷம் வித்தியாசமாம், இவர் கடிகாரம் அந்த மண்வாசனையைப் பிடித்துக்கொண்டதாம். "அந்த நேரம் 39 நிமிஷம் பின்னாலல்லா இருந்தது? உங்க கடிகாரம் முன்னால ஓடுது" என்றேன். வாஷி பாலம் தாண்டும்வரை அமைதி.

மறுநாள் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். முழு சர்வீஸ், மூன்று வாரம், அப்புறம் ஒரு தொகை சொன்னார்கள். ஏசியிலும் எனக்கு வியர்த்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்து, ஸ்டேஷன் பக்கம் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற வாட்ச் ரிப்பேர் கடைக்கு நான்தான் இழுத்துப்போனேன். அந்தப் பெரியவர் கடிகாரத்தைத் திறக்கக்கூட இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முள் கிறுகிறுவென்று ஆடியது. காந்தம் ஏறிவிட்டதாம். உள்ளே இருக்கிற மயிரிழைச் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், அதனால்தான் இந்த ஓட்டம் என்று இந்தியில் விளக்கினார். "எங்கே வைத்தீர்கள்? ஃபிரிட்ஜ்? ஸ்பீக்கர்? லேடீஸ் பர்ஸ்?"

லேடீஸ் பர்ஸ் என்றதும் இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கைப்பை மூடியில் காந்தப் பொத்தான்தான் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

ஒரு நீலப் பெட்டி. அதன் மேல் கடிகாரத்தை வைத்து, பொத்தானை அழுத்தி, மெல்ல மேலே தூக்கினார். "ஹோ கயா." நூறு ரூபாய். இவர் ஐந்நூறை நீட்டினார். பெரியவர் நானூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளின் சுவர்க்கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளைக்குப் பெரிய வியாதி என்று தூக்கிக்கொண்டு ஓடினவரிடம், ஒன்றுமில்லை, ஓமத்தண்ணி கொடு என்று அனுப்பின மாதிரி.

வீட்டுக்கு வந்ததும், ஃபிளாட் வாங்கும்போது வாஸ்து பார்த்த பழைய திசைகாட்டியைத் தேடி எடுத்து ஒவ்வொரு அறையாகச் சோதனை போட்டார். ஃபிரிட்ஜில் ஊர் ஊராக வாங்கி ஒட்டின பொம்மைகளிடம் முள் லேசாக அசைந்தது. என் கைப்பையிடம் திரும்பியது. சாமி அலமாரியில் ஸ்பீக்கர் பக்கம் போனதும் சாமி வந்த மாதிரி சுழன்றது. குற்றவாளி கிடைத்துவிட்டது. ஆனால் ஸ்பீக்கர் மகள் கொடுத்தது, கேட்பது அத்தை, சாய்த்து வைத்தது இவரே. ஆகவே என் கைப்பை இப்போது செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் தொங்குகிறது. கடிகாரம் தூங்குவது என் அம்மா வீட்டில் சங்கோடு சேர்த்துப் போட்ட வெள்ளிக் கிண்ணத்தில்.

இப்போது பழையபடி ஐந்து விநாடிதான் கூடுகிறது. அதைச் சரிபார்க்க இவர் ஒரு புது வழி வைத்திருக்கிறார். காலையில் என் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படி வரைக்கும் கூடவே வருகிறார், கேட்டால் வாக்கிங் என்கிறார். பிளாட்ஃபாரம் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க மனசு வராது. கீழேயே நின்று வண்டிச் சத்தத்தை வைத்து மணி பார்ப்பார். நான் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏறி ஒரு கம்பியைப் பிடிப்பதற்குள் மெசேஜ் வந்துவிடும்: "8.47 இன்னைக்கும் ரெண்டு நிமிஷம் லேட்."

டைம்டேபிள் மாறியதிலிருந்து அந்த வண்டியே 8.49தான். நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மொபைலைக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.